பிக்காசோவும் தெஹிவளைக் கடற்கரையும்

தமிழ் இலக்கண நூலார் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினர். முன்னோர் நூலின் முடிபை ஏற்றுக்கொண்டு, பின்வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்து அமைப்பது வழிநூல் என்பது அவர்கள் கொள்கை. வால்மீகியின் வழியிற் சென்ற கம்பனை நாம் எவரும் குறைத்து மதிப்பதில்லை. ஆனால், கீழைநாட்டு ஓவியர் ஒருவர் மேலைநாட்டு ஆசானின் வழியிற் செல்லும்போது மட்டும், 'இது வெறும் போலி' என்ற தீர்ப்பு விரைந்து வந்துவிடுகிறது. அத்தீர்ப்பு நியாயமானதுதானா? கொழும்பு நகரை அடுத்துள்ள தெஹிவளையிலே பிறந்த ஓவியர் ஒருவரையும் அவருடைய தோழர்களையும் முன்வைத்து இக்கேள்வியைச் சிறிது ஆராய்வோம்.

இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தின் பேராசான்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் பப்லோ பிக்காசோ. ஸ்பெயினிலே 1881-இல் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிரான்சிலே கழித்து, 1973-இல் மறைந்தவர். ஒரே முகத்தை நேராகவும் பக்கவாட்டாகவும் ஒருங்கே தீட்டலாம் என்றும், கண் காணும் உருவத்தைக் கலைத்து மனம் அறியும் உருவமாக மீண்டும் கட்டலாம் என்றும் அவர் செய்து காட்டினார். எனினும், இந்த ஆசானும் வெறுங்கையோடு தொடங்கியவரல்லர். 1907-இல் அவர் தீட்டிய 'அவிஞோன் நங்கையர்' என்னும் ஓவியத்தில் பழைய ஐபீரியச் சிற்பங்களின் சாயலும் ஆப்பிரிக்க முகமூடிகளின் சாயலும் காணப்படுகின்றன.

ஆப்பிரிக்காவிடம் பிக்காசோ பெற்றதை உலகம் மேதைமை என்றது. ஆனால், அவர் வழியை வங்காளத்திலே கையாண்ட ககனேந்திரநாத் தாகூரை, 1959-இல் நூலெழுதிய ஆங்கில விமரிசகர் ஆர்ச்சர், போலி செய்தவராகவே மதித்தார். ஒரே செயலுக்கு இரண்டு அளவுகோல்கள் இருப்பதைப் பிற்காலத்திலே வரலாற்றாசிரியர் பார்த்த மித்தர் எடுத்துக்காட்டினார். இந்த இரட்டை அளவுகோல் நம் நாட்டுக் கலைஞர்களையும் நெடுங்காலம் நிழல்போலத் தொடர்ந்தது.

இனி, கொழும்புக்கு வருவோம். 1929-இல் சிலி நாட்டின் கொன்சலாக இங்கு வந்த கவிஞர் பப்லோ நெருடா, வெள்ளவத்தைக் கடற்கரையோரத்திலே ஒரு வீட்டில் தனித்து வாழ்ந்தார். அவருக்கு இங்கே வாய்த்த அரிய நண்பர் லயனல் வென்ட். பியானோக் கலைஞரும் புகைப்படக் கலைஞருமாகிய வென்ட், இங்கிலாந்திலிருந்து தமக்கு வரும் புதிய நூல்களை ஒரு சாக்கிலே நிரப்பி, வாரந்தோறும் சைக்கிளில் ஓர் ஆளிடம் அனுப்பி வைத்ததாக நெருடா தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். உலகின் புதுக்கலை அன்று நம் ஊருக்கு வந்த பாதைகளுள் இந்தச் சைக்கிளும் ஒன்று. ஜோர்ஜ் கெயிட் என்னும் இளம் ஓவியரின் ஆற்றலை அக்காலத்திலேயே கண்டு பாராட்டி எழுதியவரும் நெருடாவே.

இவ்வென்டின் முயற்சியால் 1943-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் '43 குழு' தோன்றியது. மேலைநாட்டுக் கலைக்கூடங்களின் பழைய இலக்கணத்தையே போற்றிய அன்றைய மரபை எதிர்த்து எழுந்த குழு இது. கெயிட், ஜஸ்டின் தரணியகல, ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், ரிச்சர்ட் கப்ரியேல், மஞ்சுசிறி, ஓபிரி கொலெட், ஐவன் பீரிஸ் முதலியோர் இதில் இணைந்தனர். யாழ்ப்பாணத்திலே ஓவியப் பயிற்சிக்கு வழிகோலிய எஸ். ஆர். கனகசபையின் பெயரும் தொடக்க உறுப்பினர் வரிசையில் உண்டு என்பதைத் தமிழர்களாகிய நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

இவர்களுள் கெயிட் பிக்காசோவுக்கு நேரடியாகவே விடை கூறியவர். ஒரே முகத்தில் இரு நோக்குகளைக் காட்டும் உத்தியை அவர் தயங்காது எடுத்துக்கொண்டார். ஆனால், அம்முகங்கள் ராதையின் முகமும் கண்ணனின் முகமுமாயின. ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்திலே மொழிபெயர்த்த கவிஞரல்லவா அவர்! பொரளை கோதமி விகாரையிலே 1939–40-இல் அவர் தீட்டிய சுவரோவியங்களைப் பார்ப்போர், அங்கு ஓடும் கோட்டிலே சிகிரியாவையும் அஜந்தாவையும் ஒருங்கே காணலாம். கருவி பாரிஸில் கிடைத்தது. பாட்டு இம்மண்ணில் விளைந்தது.

ஐவன் பீரிஸின் விடை வேறு வகையானது. 1921-இல் தெஹிவளையிலே பிறந்த இவர், திரைப்பட மேதை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் தம்பி. ஹரி பீரிஸிடம் பயின்றார். 1946-இல் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று லண்டன் சென்றார். பின்னர் 1953 முதல் இங்கிலாந்திலேயே வாழ்ந்து 1988-இல் மறைந்தார். அங்கிருந்து அவர் தீட்டியவை எவை? தென்னை மரங்கள், மணற்கரை, அசைவற்ற கடல், அதன் முன்னே மௌனமாக நிற்கும் சில மனித உருவங்கள். புகைவண்டிப் பாதைக்கு அப்பால் நாம் நாள்தோறும் காணும் அதே கரைதான். உருவை எளிமையாக்கும் துணிவைப் புதுக்கலை அவருக்குக் கொடுத்தது. எதைத் தீட்டுவது என்பதைப் பிறந்த ஊரே சொல்லிற்று. முப்பதாண்டுகளுக்கு மேல் கடல் கடந்து வாழ்ந்தவருடைய தூரிகை தெஹிவளையை விட்டு நீங்கவில்லை.

இத்தகைய விடைகள் உலகின் பிற பகுதிகளிலும் எழுந்தன. கியூபா நாட்டு விப்ரடோ லாம், 1938-இல் பாரிஸில் பிக்காசோவைச் சந்தித்து அவருடைய நட்பைப் பெற்றவர். தாயகம் திரும்பி, நம் குழு தோன்றிய அதே 1943-இல் 'காடு' என்னும் பேரோவியத்தை முடித்தார். கரும்புத் தண்டுகளுக்கிடையே முகமூடி முகங்கள் எட்டிப்பார்க்கும் ஓவியம் அது. ஆப்பிரிக்க வழிவந்த தாயின் மகனாகிய லாம், பிக்காசோ இரவல் பெற்றதைத் தம் முதுசமாக மீட்டுக்கொண்டார் எனலாம்.

அமெரிக்கக் கறுப்பின ஓவியர் பெய்த் ரிங்கோல்ட் இன்னும் ஒரு படி சென்றார். பிக்காசோவின் 'குவெர்னிகா'விலிருந்து கற்ற அமைப்பைக் கொண்டு, தம் நாட்டு இனக்கலவரத்தின் குருதியை 1967-இல் தீட்டினார். 1991-இல், பிக்காசோவின் கலைக்கூடத்திலே ஒரு கறுப்பினப் பெண் அமர்ந்திருப்பதாகத் துணியிலே கதை அமைத்து, அந்த ஆசானையே கேள்வி கேட்டார். 2019-இல் நியூயோர்க் நவீன கலைக்கூடம் 'அவிஞோன் நங்கைய'ருடன் ரிங்கோல்டின் 1967-ஆம் ஆண்டு ஓவியத்தை ஒரே அறையிலே வைத்தது. பிக்காசோ மறைந்து ஐம்பதாண்டு நிறைந்த 2023-இல், போற்றும் காட்சிகளோடு, பெண்களை அவர் நடத்திய முறையைக் கண்டிக்கும் காட்சிகளும் நடைபெற்றன. வாரிசுகள் வணங்க மட்டும் பிறந்தவர்களல்லர், வழக்காடவும் உரிமையுடையவர்கள்.

நம் குழுவின் ஓவியங்கள் 1952-இல் லண்டனிலும் 1953-இல் பாரிஸிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1956-இல் வெனிஸ் நகரக் காட்சியில் தரணியகல பரிசு பெற்றார். ஆயினும், உலகக் கலை வரலாற்று நூல்கள் பலவற்றில் இவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பிரித்தானியாவிலே வாழ்ந்து புறக்கணிக்கப்பட்ட ஆசிய, ஆப்பிரிக்க, கரீபியக் கலைஞர்களுக்கென 1989-இல் லண்டன் ஹேவார்ட் கலைக்கூடத்திலே நடந்த 'மற்றக் கதை' என்னும் காட்சியில் ஐவன் பீரிஸ் இடம்பெற்றார். அப்போது அவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. இரட்டை அளவுகோல் ஒரு மனிதனிடமிருந்து எதைப் பறிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பிறர் தரும் சான்றிதழுக்காக நாம் காத்திருக்க வேண்டுமா? கொழும்பு பார்ன்ஸ் பிளேசிலே ஹரி பீரிஸ் தம் இல்லத்தையே சபுமல் மன்றமாக்கி, தோழர்களின் ஓவியங்களை நமக்கென விட்டுச்சென்றிருக்கிறார். அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, அன்று மாலையே தெஹிவளைக் கரையிலே சிறிது நேரம் நின்று பாருங்கள். முதனூல் எது, வழிநூல் எது என்ற வழக்கை அந்தக் கடலே உங்களுக்குத் தீர்த்துவைக்கும்.