மின்பாக்கு விருந்தினர் நெறிமுறை

மின்பாக்கு என்பது ஜப்பானில் குடியிருப்பு வீடு ஒன்றையோ அதன் ஒரு பகுதியையோ பயணிகளுக்குச் சில நாட்களுக்கு வாடகைக்கு விடும் முறை ஆகும். ஜப்பானிய மொழியில் 'மின்' என்பது மக்களையும் 'ஹாக்கு' என்பது தங்குதலையும் குறிக்கும். இரண்டும் சேரும்போது 'ஹாக்கு' என்பது 'பாக்கு' எனத் திரிகின்றது. (தமிழர் காதில் மின்சாரமும் வெற்றிலை பாக்குமாக ஒலித்தாலும் அவற்றுக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை.) இத்தகைய வீடுகளில் தங்குவோர் உரிமையாளரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றிச் சட்ட விதிகளும் எழுதப்படாத வழக்கங்களும் உள்ளன. அவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

விடுதியில் தங்குவதற்கும் மின்பாக்கில் தங்குவதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு அயலார் ஆவர். விடுதியில் அடுத்த அறையில் இருப்பவரும் ஒரு பயணியே. மின்பாக்கில் சுவருக்கு அப்பால் இருப்பவரோ அங்கேயே நிலையாக வாழ்பவர். வாடகைப் பணத்தில் அவருக்குப் பங்கில்லை. பெரும்பாலும் அவருடைய ஒப்புதலும் கேட்கப்படுவதில்லை. விருந்தினர் நெறிகளில் பெரும்பகுதி பணம் பெறும் உரிமையாளரை முன்னிட்டு அன்றி, இந்த அயலாரை முன்னிட்டே ஏற்பட்டது எனலாம்.

பின்னணி

ஜப்பானுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 2013 ஆம் ஆண்டில் முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. 2018 இல் அது ஏறத்தாழ 3 கோடியே 12 இலட்சமாக உயர்ந்தது. டோக்கியோ, ஒசாக்கா, கியோத்தோ ஆகிய நகரங்களில் விடுதி அறைகள் போதாமல் போயின. 2008 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கப்பட்ட ஏர்பிஎன்பி போன்ற இணையத்தளங்கள் வழியாக, ஆயிரக்கணக்கான வீடுகள் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டன. 1948 ஆம் ஆண்டின் விடுதித் தொழிற் சட்டப்படி இதற்கு உரிமம் தேவை. எனினும் பலர் உரிமம் பெறாமலேயே வீடுகளை விட்டனர். இரவு நேரக் கூச்சல், தெருவில் வீசப்பட்ட குப்பை, அடுக்குமாடிக் கட்டிடங்களில் முன்பின் அறியாதோர் நடமாட்டம் முதலியன பற்றிய முறைப்பாடுகள் நகராட்சிகளில் குவிந்தன.

இதனைத் தொடர்ந்து 2017 சூன் மாதம் தனிச் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டு, 2018 சூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி உள்ளாட்சி அதிகாரியிடம் அறிவித்துப் பதிவு எண் பெற்றவர் மட்டுமே மின்பாக்கு நடத்த முடியும். ஓராண்டில் 180 நாட்களுக்கு மேல் விருந்தினரை ஏற்க முடியாது. உரிமையாளர் உடன் வசிக்காத வீடாயின், பதிவுபெற்ற மேலாண்மை நிறுவனம் ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். உரிமமின்றி விடுதி நடத்துவோருக்கான தண்டத்தின் மேல்வரம்பும் 30,000 யென்னிலிருந்து 10 இலட்சம் யென்னாக அதே காலத்தில் உயர்த்தப்பட்டது. சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பு ஏர்பிஎன்பி தனது ஜப்பானியப் பட்டியலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வீடுகளை நீக்கியது. முன்பதிவு செய்திருந்த பயணிகள் பலர் தங்க இடமின்றித் தவித்தனர்.

கியோத்தோ மாநகரம் மேலும் கடுமையான விதிகளை இயற்றியது. குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளில், பயணிகள் குறைவாக வரும் சனவரி நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை மட்டுமே மின்பாக்கு நடத்தலாம். உரிமையாளர் உடன் வசிக்கும் வீடுகளுக்கும் 'மச்சியா' எனப்படும் பழைய மர வீடுகளுக்கும் இதில் விலக்கு உண்டு. முறைப்பாடு எழுந்தால் ஏறத்தாழ பத்து நிமிடங்களில் வந்துசேரக்கூடிய தொலைவில் பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பதும் அம்மாநகர விதியாகும்.

பதிவேடும் ஆட்களின் எண்ணிக்கையும்

ஒவ்வொரு விருந்தினரின் பெயர், முகவரி முதலியவற்றை உரிமையாளர் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரிடம் நாடும் கடவுச்சீட்டு எண்ணும் கேட்கப்படும். கடவுச்சீட்டின் நகலும் எடுத்துக்கொள்ளப்படும். இதனைச் சிலர் அத்துமீறலாகக் கருதுகின்றனர். உண்மையில் இது உரிமையாளரின் விருப்பம் அன்று, சட்டக் கடமை ஆகும்.

முன்பதிவில் குறிப்பிடாத நண்பரை இரவு தங்கவைப்பது சிறு குற்றமாகத் தோன்றலாம். ஆனால் பதிவேட்டில் இல்லாத ஒருவர் தங்கினால் சட்டத்தின் முன் மாட்டிக்கொள்பவர் உரிமையாளரே. நால்வருக்குப் பதிவுசெய்து அறுவர் தங்குவது நம்மவரிடையே காணப்படும் வழக்கம் என்பதால் இங்கே சற்று அழுத்திக் கூற வேண்டியுள்ளது. கூடுதல் ஆள் வருவதானால் முன்கூட்டியே கேட்டுவிடுவதே முறை.

ஒலி

மச்சியா வீடுகள் நீண்டு ஒடுங்கியவை. ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. அவற்றின் சுவர்கள் மண்ணும் மரமும் கொண்டவை என்பதால், ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்கும். இரவு பத்து மணிக்குப் பின்னர் ஓசை அடங்க வேண்டும் என்பது பல வீடுகளின் விதித்தாளில் காணப்படும் வரியாகும்.

வீட்டினுள் எழும் ஓசையைவிட வெளியே எழும் ஓசையே பெரிதும் பொருட்படுத்தப்படுகின்றது. பயணப்பெட்டியின் சக்கரங்கள் கல் பாவிய சந்தில் உருளும் ஓசை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நள்ளிரவிலோ விடியற்காலையிலோ பெட்டியைத் தூக்கிச் செல்வது நல்லது. வாசலில் நின்று கைபேசியில் பேசுதல், மாடத்தில் அமர்ந்து குடித்தல், வாடகை வண்டிக்காகக் கூட்டமாகத் தெருவில் காத்திருத்தல் ஆகியனவும் தவிர்க்கப்பட வேண்டியவை.

அடுத்த வீட்டு மணியை அழுத்துவது இன்னொரு தொல்லை. பெரும்பாலான ஜப்பானிய நகரங்களில் முகவரி தெருப்பெயரைக் கொண்டு அமையாமல், வட்டாரம், தொகுதி, மனை ஆகியவற்றின் எண்களைக் கொண்டு அமைகின்றது. அடுத்தடுத்த எண்கள் அருகருகே இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. எனவே நள்ளிரவில் வந்திறங்கும் பயணி தவறான கதவைத் தட்டுவது எளிதில் நிகழக்கூடியது. பதிவுபெற்ற மின்பாக்கு வீட்டின் வாசலில் அதற்குரிய அறிவிப்புத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். அதனைத் தேடிப் பார்த்த பின்னரே சாவிப்பெட்டியில் கைவைக்க வேண்டும்.

குப்பை

மின்பாக்கு தொடர்பான முறைப்பாடுகளில் ஒலிக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது குப்பை ஆகும். ஜப்பானில் வீட்டுக் குப்பை எரியக்கூடியவை, நெகிழி, புட்டிகள், தகரக் குவளைகள், காகிதம் எனப் பிரிக்கப்பட்டு, வகைக்கு ஒரு கிழமை எனக் குறித்த நாட்களில் காலையில் வெளியே வைக்கப்படுகின்றது. பிரிக்கும் முறை ஊருக்கு ஊர் மாறும். கியோத்தோவில் 2006 முதல் மாநகராட்சி விற்கும் பைகளையே பயன்படுத்த வேண்டும். எரியும் குப்பைக்கு மஞ்சள் நிறப் பை உரியது. காகங்கள் கிளறாதிருக்கப் பைகளின்மேல் வலை போர்த்தப்படும். இடத்தைத் தூய்மையாக வைப்பது தெருவாசிகளின் முறைவேலை ஆகும். தவறாகப் பிரித்த பையைத் துப்புரவுப் பணியாளர் எச்சரிக்கைத் தாள் ஒட்டி அங்கேயே விட்டுச் செல்வர். விருந்தினர் அதற்குள் ஊருக்குத் திரும்பியிருப்பார். அந்தப் பையைப் பிரித்து மீண்டும் அடுக்குவது பெரும்பாலும் எதிர்வீட்டு முதியவரின் பொறுப்பாகிவிடும்.

பலரும் அறியாத செய்தி ஒன்று இங்கே உள்ளது. மின்பாக்கில் சேரும் குப்பை வீட்டுக் குப்பையாகக் கருதப்படுவதில்லை. அது தொழில்வழிக் கழிவு ஆகும். அதனை அகற்றும் பொறுப்பு உரிமையாளருக்கு உரியது. எனவே விருந்தினர் நல்லெண்ணத்துடன் பையைக் கட்டித் தெருமுனையில் வைத்தாலும் அது தவறாகவே முடியும். உரிமையாளர் வேறு விதமாகக் கூறாதவரை, குப்பையை வகை பிரித்து வீட்டினுள் காட்டப்பட்ட தொட்டிகளில் விட்டுச்செல்வதே சரியான முறை. நெகிழிப் புட்டியின் மூடியையும் மேலுறையையும் கழற்றி, உள்ளே அலசி வைக்க வேண்டும்.

1995 ஆம் ஆண்டு டோக்கியோ சுரங்க இரயிலில் நிகழ்ந்த நச்சுவளித் தாக்குதலுக்குப் பின்னர் பொது இடங்களில் பல குப்பைத்தொட்டிகள் அகற்றப்பட்டன. ஆகவே பகல் முழுதும் சேர்ந்த உறைகளும் குவளைகளும் தங்கும் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. இதனை எதிர்பார்த்து ஒரு பையை உடன் வைத்திருப்பது உதவும்.

வீட்டினுள்

நுழைவாயிலில் உள்ள தாழ்ந்த பகுதி 'கென்கான்' எனப்படும். காலணிகளை அங்கேயே கழற்றி, நுனி வாசலை நோக்கி இருக்கும்படி வைப்பர். வாசலில் செருப்பை விடுவது தமிழருக்குப் புதிதன்று. ஆனால் வீட்டுச் செருப்புடன் 'தத்தாமி' பாயில் ஏறக்கூடாது என்பதும், கழிவறைக்கெனத் தனிச் செருப்பு உண்டு என்பதும் பலருக்குப் புதியவை. தத்தாமி என்பது கோரை வேய்ந்த தடித்த பாய் ஆகும். பயணப்பெட்டியை அதன்மேல் உருட்டினால் வேய்வு அறுந்துபோகும். ஈரத் துணியைப் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

குளியல் தொட்டி உடலைத் தேய்த்துக் கழுவுவதற்கு உரியது அன்று. வெளியே அமர்ந்து சோப்பிட்டுக் குளித்த பின்னரே தொட்டியில் இறங்குவர். அதே நீரில் வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக அமர்வதால், உரிமையாளருடன் தங்கும் வீட்டில் தன் முறை முடிந்ததும் நீரைத் திறந்துவிடாமல் மூடியால் மூடிவிட வேண்டும்.

சமையல்

சமையலறை கிடைப்பதே பலர் மின்பாக்கை நாடுவதற்குக் காரணம்; மரக்கறி உண்போருக்கு இது பெரிய வசதி. 2004 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் ஜப்பானிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மிளகாய் வற்றலைத் தாளிக்கும் புகையும் அதனை அலறச் செய்யக்கூடும். புகைபோக்கி விசிறியை முதலில் இயக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். மர வீடுகள் நெருங்கிய பகுதியில் எச்சரிக்கை ஒலி கேட்டால் தெருவே கலங்கும்.

மீந்த எண்ணெயைத் தொட்டிக்குழாயில் ஊற்றக்கூடாது. அதனை உறையச் செய்யும் தூள் கடைகளில் கிடைக்கும். இல்லையேல் பழைய செய்தித்தாளில் ஊறவிட்டு எரியும் குப்பையில் சேர்க்கலாம். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட்டு ஆகும். ஊரிலிருந்து கொண்டுசெல்லும் 230 வோல்ட்டு அடுப்பும் அரவைப்பொறியும் அங்கே ஒழுங்காக இயங்கா. வலுவான நிலநடுக்கத்தின்போது எரிவளி அளவி தானே இணைப்பைத் துண்டித்துவிடும். அடுப்பு எரியவில்லை என்றால் அதனைத் திருக முயலாமல் உரிமையாளரை அழைக்க வேண்டும்.

புறப்படும்போது

விதித்தாளில் உள்ளபடி விரிப்புகளை ஒரே இடத்தில் சேர்த்து, பாத்திரங்களைக் கழுவி, சாவியையும் கையடக்க இணையக் கருவியையும் உரிய இடத்தில் வைத்துவிட்டுக் குறித்த நேரத்தில் வெளியேற வேண்டும். துப்புரவாளர் பெரும்பாலும் அன்றே அடுத்த விருந்தினருக்காக வீட்டைச் சீர்செய்வதால், அரை மணி நேரத் தாமதமும் அவருடைய வேலையைக் குலைக்கும். அன்பளிப்புப் பணம் வைக்கும் வழக்கம் ஜப்பானில் இல்லை.

ஏதேனும் உடைந்திருந்தாலோ பாயில் கறை பட்டிருந்தாலோ அன்றே தெரிவிப்பது முறையாகும். காகிதம் ஒட்டிய நகர்கதவில் விழுந்த ஓட்டையை உரிமையாளர் தாமே புதுத் தாள் ஒட்டிச் சரிசெய்துவிட முடியும். மறைத்துவிட்டுப் போனால் அடுத்து வரும் விருந்தினரே அதனைக் காண நேரிடும்.