புதுக் கம்ப்யூட்டர் ஏன் கத்துகிறது? ஒரு சின்னச் சத்தத்தின் வரலாறு



இந்த ஒரு வருடத்தில், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய மூன்று வீடுகளிலிருந்து எனக்குப் போன் வந்துவிட்டது. மூவரும் சொன்னது ஒன்றுதான்: "சார், ஆன் பண்ணினா பீப் பீப்னு சத்தம் வருது, ஏன்னே தெரியல." ஒருவரிடம் கடைக்காரர், கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்றே சொல்லிவிட்டாராம். அதனால் இந்தச் சத்தத்தை யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். வரலாறு தெரிந்தால் கோளாறில் பாதி தானாக விளங்கிவிடும்.

முதலில் ஒன்று. கம்ப்யூட்டருக்கு டிவி போன்ற திரை வீட்டுப் பொருளாக வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒலிபெருக்கி வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1949 நவம்பரில் முதல் புரோகிராமை ஓட்டிய சிஎஸ்ஐராக் என்ற கம்ப்யூட்டரில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. வேலை முடிந்ததும் சத்தம் எழுப்பும்படி புரோகிராமின் கடைசியில் கட்டளை எழுதிவைப்பார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1951-ல் நிறுவப்பட்ட ஃபெரான்டி மார்க் 1 இயந்திரத்திலும் இப்படி ஒன்று இருந்தது. அதைப் பயன்படுத்தும் முறையை ஆலன் டூரிங் தான் எழுதிய கையேட்டில் விளக்கியிருக்கிறார். நம் ஊர் மில் சங்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கு ஊதினால் ஷிப்டு முடிந்தது என்று தெருவுக்கே தெரியும், யாரும் மில் வாசலுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அந்தச் சங்கை வைத்தே இரண்டு ஊரிலும் 1951-ல் பாட்டு வாசித்துக் காட்டினார்கள் என்பது தனிக் கதை.

இன்னொரு தாய்வழி டெலிபிரிண்டர். அதில் ஒரு நிஜ மணி இருந்தது. பத்திரிகை அலுவலகங்களில் அவசரச் செய்தி வந்தால் மணி பல முறை அடிக்கும். 1963-ல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டை வகுத்தபோது, எழுத்துகளோடு சேர்த்து மணிக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண் 7. இன்றைக்கும் அது மாறவில்லை.

இப்போது நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். ஐபிஎம் நிறுவனம் தன் பிசியை 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிவித்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், போகா ரேடான் என்ற ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சிறு குழு அதை உருவாக்கியது. சுவிட்சைப் போட்டதும் அந்த இயந்திரம் முதலில் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். பிராசசர் சரியா, நிரந்தர நினைவகத்தில் உள்ள பயாஸ் புரோகிராம் கெடாமல் இருக்கிறதா, ரேம் வேலை செய்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வரும். திரையின் முறை அதற்குப் பிறகுதான்.

இங்கேதான் சிக்கல். திரை உயிர்பெறும் முன்பே கோளாறு வந்தால் அதை எப்படிச் சொல்வது? எழுத்தாகக் காட்ட வழியில்லை. ஆனால் சின்ன ஒலிபெருக்கிக்கு அதிகம் தேவையில்லை. ஒரு டைமர் சிப்பும் மின்சாரமும் இருந்தால் போதும். ரேம் முழுதாகச் செத்துக் கிடந்தாலும் அதற்குக் குரல் வரும். அதனால் குரலையே மொழியாக்கினார்கள். ஒரே ஒரு குறுகிய பீப் என்றால் எல்லாம் நலம். ஒரு நீளமும் ஒரு குறிலும் வந்தால் மதர்போர்டில் கோளாறு. ஒரு நீளம், இரண்டு குறில் என்றால் திரைக்கான கார்டில் கோளாறு. விடாமல் ஒலித்தால் பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும். தமிழ் படித்த நமக்குக் குறில் நெடில் புதிதா என்ன!

ஆக, அந்தச் சத்தம் இயந்திரத்தின் கோளாறு அல்ல. கோளாறை எடுத்துச் சொல்ல வைத்த வாய் அது.

இந்த மொழி ஒன்றாகவே இருந்திருந்தால் இன்று குழப்பம் இருந்திருக்காது. ஆனால் 1982-ல் காம்பேக் நிறுவனம் ஐபிஎம் பிசிக்கு இணையான இயந்திரத்தை அறிவித்தது. ஐபிஎம்மின் பயாஸ் காப்புரிமை உள்ளது என்பதால், அதே வேலையைச் செய்யும் வேறு பயாஸைச் சொந்தமாக எழுதிக்கொண்டார்கள். 1984-ல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படி எழுதிய பயாஸை மற்றவர்களுக்கும் விற்கத் தொடங்கியது. அவார்டு என்று இன்னொரு நிறுவனம். 1985-ல் சுப்பிரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் ஆரம்பிக்கும்போது ஏஎம்ஐ என்று எழுத்து வருமே, அதுதான். அந்த நிறுவனத்துக்கு நம் சென்னையிலும் அலுவலகம் உண்டு.

ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதியதால் பீப் மொழியும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டது. ஏஎம்ஐயின் பழைய முறையில் சத்தங்களை எண்ணினால் போதும். மூன்று என்றால் ரேமின் அடிப்படைப் பகுதி, எட்டு என்றால் திரைக்கான நினைவகம். ஃபீனிக்ஸ் முறையில் சத்தங்கள் கொத்துக் கொத்தாக வரும், நடுவில் இடைவெளி விடும். அவார்டு, ஐபிஎம்மைப் பின்பற்றி, ஒரு நெடில் இரண்டு குறிலை கிராபிக்ஸுக்கு வைத்துக்கொண்டது. ஆனால் இன்றைய ஏசுஸ் மதர்போர்டுகளின் கையேட்டில் அதே ஒரு நெடில் இரண்டு குறிலுக்கு "ரேம் தென்படவில்லை" என்று பொருள். கிராபிக்ஸுக்கு ஒரு நெடில் மூன்று குறில்.

இது எவ்வளவு பணம் பிடித்த விஷயம் என்று பாருங்கள். முதலில் சொன்னேனே, கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்லப்பட்டவர், அவருக்கும் வந்தது ஒரு நெடில் இரண்டு குறில்தான். கடைக்காரர் பழைய பட்டியலை வைத்துப் பொருள் சொல்லியிருக்கிறார். "தம்பி, பெட்டியோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருக்குமே, அதை எடு" என்றேன். அதில் அந்தச் சத்தத்துக்கு ரேம் என்றுதான் இருந்தது. லாரியில் குலுங்கி வந்ததில் ரேம் பட்டை ஒரு பக்கம் எழும்பியிருந்தது. மின் இணைப்பை எடுத்துவிட்டு, பட்டையைக் கழற்றி, இரண்டு பக்கமும் கிளிப் விழும் வரை அழுத்தியதும் சரியாகிவிட்டது. ஒரு பைசா செலவில்லை.

இந்தியப் பள்ளிகளுக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. 1984-85-ல் கிளாஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுக்கப்பட்டது பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர். அதை ஆன் செய்தால் முதலில் தாழ்ந்த குரலில் ஒரு சத்தம், உடனே உயர்ந்த குரலில் ஒரு பீப். அதன் ஒலிச் சிப் மின்சாரம் வந்ததுமே கத்த ஆரம்பித்துவிடும். உள்ளே இருக்கும் புரோகிராம் விழித்தெழுந்துதான் அதை அடக்கும். தாழ்ந்த சத்தம் நிற்காமல் போனால், புரோகிராம் விழிக்கவே இல்லை என்று பொருள். அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்தவர்கள் காதாலேயே நாடி பார்த்துவிடுவார்கள்.

இன்னொரு வகை பீப் இருக்கிறது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, தட்டச்சு செய்கையில் வருவது. வலது ஷிஃப்ட் விசையை 8 விநாடி அழுத்திக்கொண்டே இருந்தாலும், நம்லாக் விசையை 5 விநாடி அழுத்தினாலும் விண்டோஸ் சத்தம் கொடுக்கும். இவை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டிரேஸ் மையம் என்ற ஆய்வுக்கூடத்தில், மாற்றுத்திறனாளிகளுக்காக உருவாக்கப்பட்ட வசதிகளிலிருந்து வந்தவை. கை நடுங்குபவர்கள் தெரியாமல் தொடும் விசைகளைக் கம்ப்யூட்டர் கணக்கில் எடுக்காமல் விட ஒரு வசதி. கேப்ஸ் லாக் விளக்கைப் பார்க்க முடியாத பார்வையற்றவர்களுக்கு, ஆன் ஆனால் உயர்ந்த ஒலியும் ஆஃப் ஆனால் தாழ்ந்த ஒலியும் தர இன்னொரு வசதி. பலரும் தொல்லை என்று அணைத்துவிடுகிறோம். உங்களுக்கு வேண்டாம் என்றால் அணையுங்கள், தவறில்லை. வீட்டில் பெரியவர்கள் யாராவது அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவார்களா என்று ஒரு முறை யோசித்துவிட்டு அணையுங்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2005-ல் யூஇஎஃப்ஐ அமைப்பு உருவாகி, பழைய பயாஸின் இடத்தைப் புதிய முறை படிப்படியாகப் பிடித்தது. பல கேபினட்டுகளில் அந்தச் சின்ன ஒலிபெருக்கியை வைப்பதே இல்லை. மதர்போர்டில் குட்டி விளக்குகள் எரிகின்றன, அல்லது லேப்டாப்பில் விளக்கு மின்னுகிறது. விளக்கைக் கண்டுபிடித்துக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அடுத்த அறையிலிருந்து போனில் என்னிடம் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அதனால் உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் சத்தம் போட்டுச் சொல்கிறது என்றால் அது உங்களுக்கு நல்லதுதான்.

இனி நடைமுறைக்கு. சத்தம் வந்தால் முதல் கேள்வி, எப்போது வருகிறது என்பது.

ஆன் செய்த உடனே வந்து, திரை கறுப்பாகவே இருந்தால், அது சுயசோதனையின் குரல். எத்தனை முறை, எது நெடில், எது குறில் என்று தாளில் எழுதுங்கள், அல்லது போனில் பதிவு செய்யுங்கள். பிறகு உங்கள் மதர்போர்டின் கையேட்டில் மட்டும் பொருள் தேடுங்கள். ஒரே ஒரு பீப் வந்து கம்ப்யூட்டர் வழக்கம்போல் ஓடினால் கவலையே வேண்டாம்.

தொடர்ந்து குறுகிய சத்தமாக வந்தால், விசைப்பலகை மீது புத்தகமோ நோட்டோ கிடக்கிறதா என்று பாருங்கள். ஒரு விசை அழுந்தியே கிடந்தாலும் கம்ப்யூட்டர் கத்தும்.

சத்தம் உண்மையில் கம்ப்யூட்டரிலிருந்துதான் வருகிறதா என்று குனிந்து கேளுங்கள். நம் வீடுகளில் பல நேரம் குற்றவாளி மேஜைக்கடியில் இருக்கும் யூபிஎஸ். மின்சாரம் போய் பேட்டரியில் ஓடும்போது அது விட்டுவிட்டுக் கத்தும். பேட்டரி தீரப்போகிறது என்றால் வேகமாகக் கத்தும். மின்சாரம் இருக்கும்போதும் கத்தினால் சுவர் பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில புதிய யூபிஎஸ்களில் பாதுகாப்புக்காகப் பேட்டரி வயரை இணைக்காமலே அனுப்புவார்கள். அதன் கையேட்டைப் பார்த்து இணைக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வாங்கிய பில்லோடு மதர்போர்டு கையேட்டையும் ஒரே உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். கடைக்காரரைக் கூப்பிடும் முன் அதில் ஒரு பக்கம் படியுங்கள். படித்துவிட்டுப் பேசுபவரிடம் யாரும் வேண்டாத பொருளை விற்க முடியாது.