நீருக்கு ஒரு பங்கு, பாரதத்துக்கு ஒரு பங்கு

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள கூரம் என்னும் சிற்றூரை வைணவ அன்பர்கள் கூரத்தாழ்வானின் ஊராக அறிவர். வரலாறு பயில்வோருக்கு அது செப்பேட்டின் ஊர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அங்கே சிவபெருமானுக்குக் கோயில் எடுத்து, பரமேசுவரமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். அக்கொடையைப் பதிவு செய்த செப்பேட்டை ஹுல்ச் என்ற ஜெர்மானிய அறிஞர், 1890-இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சேற்றினார்.

அந்த ஊரின் வருவாய் 25 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. கோயில் வழிபாட்டுக்கும் பழுது பார்ப்பதற்கும் 3 பங்கு. நான்மறை கற்ற இருபதின்மருக்கு 20 பங்கு. எஞ்சிய இரண்டில் ஒன்று, மண்டபத்தில் நீரும் நெருப்பும் தருவதற்கு. மற்றொன்று, அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு.

இந்தக் கணக்கை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஊரார் கூடும் இடத்தில் தாகத்துக்கு நீர் வேண்டும், குளிருக்கும் இருளுக்கும் நெருப்பு வேண்டும். இவற்றுக்கு ஒதுக்கிய அதே அளவு, கூடியிருப்போர் கேட்க ஒரு நூலுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. விழா நாள் ஆடம்பரமாக அன்று, அன்றாடத் தேவையாகவே அது எண்ணப்பட்டது. இன்று நம் ஊர் மன்றங்கள் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் செலவு எழுதுகின்றன. நூல் வாசிக்க என்று ஒரு வரி எந்தக் கணக்கேட்டில் இருக்கிறது?

ஆயினும் கூரத்தை நாம் அளவுக்கு மேல் புகழ வேண்டியதில்லை. அங்கே வாசிக்கப்பட்டது வடமொழிப் பாரதமாகவே இருந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. மூன்றாம் நந்திவர்மன் காலத்துப் பெருந்தேவனார் பாரதத்தைத் தமிழ் வெண்பாவாக்கியது ஒன்பதாம் நூற்றாண்டில்தான். ஆகவே பரமேசுவரமங்கலத்து வயலில் உழுதவனின் உழைப்பு வாசிப்புக்குப் பங்காயிற்று. அவன் காதுக்கு அந்த நூல் எட்டியதா என்பது வேறு கேள்வி.

எட்டியது, பல நூற்றாண்டுகள் கழித்து, வேறு வாசல் வழியாக. வக்கபாகை வரபதியாட்கொண்டான் ஆதரவில் வில்லிபுத்தூரார் பாடிய தமிழ்ப் பாரதம் தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் குடிகொண்டது. கோடைத் திருவிழாவின்போது பிற்பகல்களில் பாரதம் வாசிப்பவர் பாடலை இசையோடு பாடி, பேச்சு வழக்கில் விரித்துப் பொருள் சொல்வார். அதே கதையை இரவில் தெருக்கூத்து நடத்திக் காட்டும். துரியோதனன் படுகளமும் தீமிதியுமாக விழா நிறைவுறும். விராட பருவம் வாசித்தால் மழை வரும் என்பது உழவர் நம்பிக்கை. இங்கே பங்கு கொடுப்பவன் மன்னன் அல்லன். வீட்டுக்கு வீடு திரட்டிய வரியிலிருந்தே வாசிப்பவருக்கும் கூத்தருக்கும் வெகுமானம் போகிறது. கூரத்தில் வெளியே நின்றவன், இங்கே செலவை ஏற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான். நம் நாட்டு வாசிப்பின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

கேட்பது மட்டும் போதுமா, கேள்வி கேட்கலாமா? இதற்கு விடை காஞ்சி நகருக்குள்ளேயே குமரக்கோட்டத்தில் இருக்கிறது. அக்கோயிலின் அர்ச்சகரான கச்சியப்ப சிவாசாரியார் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களால் கந்தபுராணத்தை இயற்றி, அங்கேயே அரங்கேற்றினார் என்பது மரபு. அவை கூடியது, முதற் பாடலின் முதற் சொல்லையே ஒருவர் மறித்தார். இச்சொற்புணர்ச்சிக்கு இலக்கணத்தில் விதி எங்கே என்றார். இறைவனே எடுத்துக் கொடுத்த முதலடி என்று சொல்லப்பட்டும் அவையோர் விடவில்லை. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வந்து, வீரசோழியத்தில் அதற்கு விதி இருப்பதைக் காட்ட, தடை நீங்கியது. முருகனே புலவராக வந்தான் என்பர். வீரசோழியம் வீரராசேந்திர சோழன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டில், புத்தமித்திரன் என்ற பௌத்தர் எழுதிய இலக்கணம். சைவப் புராணத்தின் முதற் சொல்லைக் காப்பாற்றியது பௌத்தரின் நூல்! அந்தக் கதையை வழிவழியாகச் சொல்லி மகிழ்ந்தவர்களும் சைவர்களே. கதையில் எவ்வளவு உண்மை என்று அளப்பது வரலாற்றாசிரியர் வேலை. கடவுள் சொல்லுக்கும் சான்று கேட்கும் அவையைக் காஞ்சி மக்கள் தங்கள் பெருமையாக எண்ணினார்கள் என்பதே நமக்குப் போதும்.

குமரக்கோட்டத்து நூல் கடல் கடந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் அது புராண படனம் என்னும் முறையாக வேரூன்றியது. ஒருவர் பாடலைப் படிப்பார்; மற்றொருவர் பயன் சொல்வார்; ஊரார் சுற்றி அமர்ந்து கேட்பர். காஞ்சிப் பட்டில் கரையையும் உடலையும் கோர்வையாக இணைக்கும் தறியில் இருவர் அமர வேண்டும். கரைக்குரிய நாடாவைத் துணை ஆள் வீசாவிட்டால் நெசவாளர் எவ்வளவு தேர்ந்தவராயினும் சேலை வளராது. புராண படனமும் அப்படிப்பட்டதே. அந்த மண்ணின் வாழ்வு முழுவதையும் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 'கந்தபுராண கலாசாரம்' என்ற ஒரே தொடரில் அடக்கினார்.

அதே ஈழ நாட்டில் நம்மவர்க்கும் இத்தகைய நூல் ஒன்று உண்டு. கோவாவிலிருந்து 1705-இல் இலங்கை சென்று, 1742-இல் அங்கேயே உயிர்நீத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் ஆண்டவரின் பாடுகளைப் பற்றி எழுதிய வியாகுலப் பிரசங்கம் அது. தனியே அமர்ந்து கண்ணால் படிப்பதற்காக அவர் அதை எழுதவில்லை. தவக்காலத்தில் மக்கள் ஆலயத்தில் கூடியிருக்க, இராகத்தோடு வாசித்துக் கேட்பிப்பதற்கென்றே அது அமைந்தது. இறைவார்த்தை ஏட்டில் கிடப்பதைவிட காதில் விழுவதே முதன்மை என்பதை எந்த இறையியல் கூடத்திலும் கற்பிப்பார்கள். அதை எளிய சனங்களுக்கு நடத்திக் காட்டியவர் அந்தக் கோவாக் குரு.