ரயில் பணிமனைகளின் எண்ணெய்க் கழிவுநீர்: சுத்திகரிப்பு நடைபெறுவது எப்படி?

மைசூரு அசோகபுரத்தில் உள்ள தென்மேற்கு ரயில்வேயின் மத்தியப் பணிமனை, மைசூரு சமஸ்தான ரயில்வே காலத்தில் 1924-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ரயில் பெட்டிகள் இங்கு முழுமையாகப் பழுதுபார்க்கப்படுகின்றன.

இத்தகைய பணிமனைகளில் சக்கரங்கள், பேரிங்குகள் உள்ளிட்ட பாகங்களைக் கழுவும்போது எண்ணெயும் கிரீஸும் நீரில் கலக்கின்றன. அந்நீர் ஏரிகளைச் சென்றடைந்தால், மேற்பரப்பில் படரும் எண்ணெய்ப் படலம் ஆக்சிஜன் நீரில் கரைவதைத் தடுக்கும். எனவே, சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரநிலைப்படி, நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் எண்ணெய், கிரீஸ் அளவு லிட்டருக்கு 10 மில்லிகிராமையும், பொதுக் கழிவுநீர்க் குழாய்களில் விடப்படுவதில் 20 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது.

சுத்திகரிப்பின் முதற்கட்டமாக, கழிவுநீர் தொட்டியில் மெதுவாகச் செலுத்தப்படுகிறது. மண் அடியில் படிகிறது; மிதக்கும் எண்ணெய் வழித்தெடுக்கப்படுகிறது. துளியின் விட்டம் பாதியானால், அது மேலெழ நான்கு மடங்கு நேரம் தேவைப்படும்.

சோப்புக் கரைசல் கலந்த நீரில் எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறி, பால்போல் கலந்துவிடுவதால் தானாகப் பிரிவதில்லை. அதில் படிகாரம் சேர்த்துத் துளிகள் திரளச் செய்யப்படுகின்றன. பின்னர் நுண்காற்றுக் குமிழிகளைச் செலுத்தும்போது, அத்திரள்கள் குமிழிகளில் ஒட்டி மேலெழுகின்றன.

பிரித்தெடுக்கப்படும் எண்ணெய்க் கசடு அபாயகரமான கழிவாகும். அதனைக் குப்பையுடன் சேர்க்காமல், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களிடமே ஒப்படைக்க வேண்டும். கழுவுவதற்கு முன்பே கிரீஸைச் சுரண்டி அகற்றினால், சுத்திகரிப்பின் சுமை பெருமளவு குறையும்.