கேஸ் தட்டுப்பாடு வந்தால் முதலில் யாருக்கு 'கட்'? பிரிட்டன் ஆண்டுதோறும் நடத்தும் ஒத்திகை: முழு விவரம்

கேஸ் திடீரெனப் பற்றாமல் போனால் ஒரு நாடு என்ன செய்யும்? இதற்கான பதிலை பிரிட்டன் ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்கிறது. எந்தக் குழாயிலும் வால்வை மூட மாட்டார்கள், எந்த வீட்டிலும் அடுப்பு அணையாது. ஆனால் எரிவாயுத் துறையே ஒரு பெரிய நெருக்கடியில் சிக்கியது போல கற்பனை செய்து, கட்டுப்பாட்டு அறைகள் முதல் தொழிற்சாலைகள் வரை போன்கள் பறக்கும்.

இதை நடத்துபவர் 'நெட்வொர்க் எமர்ஜென்சி கோ-ஆர்டினேட்டர்'. 1996-ம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு மேலாண்மை விதிகள் உருவாக்கிய பொறுப்பு இது. நிஜ அவசரநிலையில் இவர் சொன்னால் எரிவாயு நிறுவனங்கள் ஒத்துழைத்தே ஆக வேண்டும். பிரதான குழாய்களை இயக்கும் நிறுவனம், ஊர்களுக்குள் கேஸ் கொண்டு போகும் விநியோக நிறுவனங்கள், கேஸை வாங்கி விற்கும் வியாபாரிகள் என எல்லோரும் ஒத்திகையில் பங்கேற்கிறார்கள்.

வீடுகள் ஏன் கடைசி?

நம்ம ஊரில் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வரும், மாட்டினால் முடிந்தது. பிரிட்டனில் 2 கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு கேஸ் குழாய் வழியாகத்தான் வருகிறது. சமையலுக்கு மட்டுமல்ல, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் அதுதான்.

குழாயில் பிரஷர் குறைந்தால் எரிந்துகொண்டிருக்கும் சுடர் அணைந்துவிடும். குழாய்க்குள் காற்றும் புகுந்துவிடலாம். பிறகு சப்ளை திரும்பும்போது, பழைய அடுப்போ ஹீட்டரோ திறந்தபடி இருந்தால் எரியாத கேஸ் வீட்டுக்குள் நிரம்பும். வெடிவிபத்துதான்!

அதனால் கரண்ட் போல ஒரு சுவிட்சைத் தட்டி கேஸை மறுபடி கொடுக்க முடியாது. வீடு வீடாகப் போய் மீட்டர் வால்வை மூட வேண்டும். குழாயில் பிரஷர் சரியான பிறகு மறுபடி ஒவ்வொரு வீட்டுக்கும் போய், காற்றை வெளியேற்றி, பற்றவைத்துப் பார்க்க வேண்டும்.

2022 டிசம்பரில் ஷெஃபீல்டு நகரின் ஸ்டானிங்டன் பகுதியில் இது நேரடியாகத் தெரிந்தது. தண்ணீர்க் குழாய் உடைந்து, கேஸ் குழாய்க்குள் 10 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் புகுந்தது. பாதிக்கப்பட்டவை சுமார் 2,000 வீடுகள்தான். ஆனாலும் உறைபனிக் குளிரில் பல குடும்பங்கள் ஒரு வாரத்துக்கு மேல் கேஸ் இல்லாமல் தவித்தன. இதுவே லட்சக்கணக்கான வீடுகள் என்றால்?

அப்போ யாருக்கு முதலில் கட்?

அவசரகாலத் திட்டத்தில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் கையிருப்பை எல்லாம் திரட்டிச் சமாளிப்பார்கள். கேஸ் குழாயில் மணிக்கு சுமார் 40 கி.மீ. வேகத்தில்தான் நகர்கிறது, குழாய்க்குள்ளேயே ஓரளவு சேமிப்பும் இருக்கிறது. எனவே மின்தடை போல நொடியில் கதை முடியாது, யோசிக்கச் சில மணி நேரம் கிடைக்கும்.

அதுவும் போதாவிட்டால் இரண்டாம் கட்டம். பெரிய நுகர்வோரை கேஸ் பயன்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். ஆண்டுக்கு 25,000 தெர்ம், அதாவது சுமார் 7.32 லட்சம் யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் இடங்கள் இந்தப் பட்டியலில் வரும். ஏறக்குறைய 60 வீடுகளின் ஓராண்டுப் பயன்பாடு இது. உயிருக்கு ஆபத்து வரக்கூடிய மருத்துவமனை போன்ற இடங்களுக்கு விலக்கு உண்டு.

மூன்றாம் கட்டத்தில் சில பகுதிகளையே துண்டிப்பார்கள். வீடுகள் மாட்டுவது இங்கேதான். நான்காவது, மீண்டும் சப்ளை கொடுப்பது.

ஆக, மொத்தத் திட்டமும் இரண்டாம் கட்டத்தில்தான் நிற்கிறது. அங்கே தொழிற்சாலைகள் சொன்ன நேரத்தில் நிறுத்தினால் வீடுகள் தப்பிக்கும்.

ஒரு போன் காலில் என்ன இருக்கிறது?

பெரிய தொழிற்சாலைகளிலும் கேஸை நிறுத்த, அங்கிருக்கும் ஒருவர் போனை எடுத்து, விஷயத்தைப் புரிந்துகொண்டு, போய் மூட வேண்டும். அதனால்தான் ஒத்திகையில் தொழிற்சாலைகளுக்கு போன் செய்து, நிஜமாகவே சொன்னால் நிறுத்த முடியுமா, எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரிக்கிறார்கள்.

கேட்க சின்ன விஷயம்தான். ஆனால் மேனேஜர் வேலை மாறியிருப்பார். கம்பெனி கைமாறியிருக்கும். கொடுத்த நம்பர் ஆபீஸ் நேரத்தில் மட்டும் ஒலிக்கும் லேண்ட்லைனாக இருக்கும். நெருக்கடி ஞாயிறு ராத்திரியில் வந்தால் அந்த நம்பரால் பயனில்லை.

இன்னொரு சிக்கல், எல்லா ஆலையும் உடனே நிறுத்தக்கூடியது அல்ல. கண்ணாடி உலை சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் பல ஆண்டுகள் நிற்காமல் எரிவது. திடீரென அணைத்தால் உருகிய கண்ணாடி உள்ளேயே இறுகி, உலையே வீணாகிவிடலாம். அப்படிப்பட்ட ஆலையிடம் 'உடனே நிறுத்து' என்றால் என்ன நடக்கும் என்பதை அவசரத்துக்கு முன்பே பேசி வைத்தால்தான் உண்டு.

நிஜமாகவே தட்டுப்பாடு வந்திருக்கிறதா?

2018 மார்ச் 1 அன்று, கடும் பனிப்புயலின் நடுவே, அன்றைய தேவைக்கு கேஸ் போதாது என்ற அதிகாரபூர்வ எச்சரிக்கை வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நாட்டின் மிகப்பெரிய கேஸ் சேமிப்பு மையமான 'ரஃப்' மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. நல்லவேளையாக, மறுநாளே எச்சரிக்கை வாபஸ் ஆனது.

அடுத்து 2022, ரஷ்யா-உக்ரைன் போர். வழக்கமாக இரண்டு நாள் நடக்கும் ஒத்திகையை அந்த ஆண்டு நான்கு நாளாகத் திட்டமிட்டார்கள். அக்டோபரில் 'ரஃப்' மையம் ஓரளவு மறுபடி திறக்கப்பட்டது.

காரணம், பயம் கேஸோடு நிற்கவில்லை. அந்த ஆண்டு பிரிட்டன் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேஸில் இருந்துதான் வந்தது. இரண்டாம் கட்டத்தில் நிறுத்தச் சொல்லப்படும் பெரிய நுகர்வோரில் மின் நிலையங்களும் அடக்கம். ஆக, வீட்டுக்கு கேஸை மிச்சப்படுத்தினால் அதே வீட்டில் கரண்ட் போகலாம்! நிலைமை மிக மோசமானால் மூன்று மணி நேர மின்வெட்டு வரலாம் என்று மின்கட்டமைப்பு நிர்வாகம் அக்டோபரில் எச்சரித்தது. அந்தக் குளிர்காலம் அப்படி மின்வெட்டு இல்லாமலே கடந்தது.