இரண்டே முக்காலே அரைக்கால் அங்குலம்

பத்துமலையிலிருந்து உலு யாமுக்கு வளைந்து வளைந்து போகும் பழைய சாலை, பழைய கார் பிரியர்களுக்குப் பிடித்தமானது. மலேசியாவில் அவர்கள் கொண்டாடும் வண்டிகளில் ஒன்று டட்சன் 120 ஒய். ஓவர்ஹாலுக்காக அதன் எஞ்சினைப் பிரித்து அளந்தால் சிலிண்டரின் குறுக்களவு 73 மில்லிமீட்டர் இருக்கும். எழுபதில்லை, எழுபத்தைந்தில்லை, 73. ஜப்பான்காரர் கணக்கென்று நினைப்போம். அதன் பூர்வீகமோ பர்மிங்காம்.

அங்கே ஆஸ்டின் தொழிற்சாலையில் உருவான 1489 சிசி எஞ்சின் அங்குலத்தில் பிறந்தது. குறுக்களவு இரண்டே முக்காலே அரைக்கால் அங்குலம், அதாவது 73.025 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மூன்றரை அங்குலம்.

டட்சன் கார்களைத் தயாரித்த நிஸான் போரில் நொடித்திருந்தது. 1952 டிசம்பரில் அது ஆஸ்டினோடு ஒப்பந்தம் போட்டது. முதலில் பெட்டியில் வந்த உதிரிகளைப் பூட்டினார்கள். சில வருடங்களில் முழு எஞ்சினையும் உள்ளூரிலேயே வார்த்தார்கள். திருட்டு நகலல்ல, காசு கொடுத்துக் கற்ற வித்தை.

ஆனால் ஜப்பானின் சிறிய கார்களுக்கு இது பெரிய எஞ்சின். புதிதாக ஒன்று வடிவமைக்கலாமா என்று யோசித்தபோது, வில்லிஸ் கம்பெனியில் வேலை பார்த்திருந்த டொனால்ட் ஸ்டோன் என்ற அமெரிக்கப் பொறியாளர் குறுக்கு வழி சொன்னார்: இருக்கிற இயந்திரங்கள் இருக்கட்டும், பிஸ்டனின் ஓட்டத்தை மட்டும் குறையுங்கள். 89 மில்லிமீட்டர் 59 ஆயிற்று, 1489 சிசி 988 ஆனது. சிலிண்டரின் அகலத்தை யாரும் தொடவில்லை. இந்த ‘ஸ்டோன் எஞ்சின்’ பூட்டிய டட்சன் 210, 1958-ல் ஆஸ்திரேலியாவைச் சுற்றிய ராலியில் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. கண்டம் சுற்றி வந்த பிறகு யார் குறை சொல்வார்கள்?

குறுக்காத அண்ணன் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுக்குப் போய் அம்பாசடருக்குள் உட்கார்ந்தான். சென்னையின் அம்பாசடர் டாக்சிக்கும் சிலாங்கூர் டட்சனுக்கும் இப்படி ஓர் உறவு.

1966-ல் சன்னி காருக்காக நிஸான் புதிய எஞ்சினையே வரைந்தது. அப்போதும் 73-க்கு 59 என்ற கணக்கு மாறவில்லை. ஓட்டத்தை 70 ஆக நீட்டியதும் 1171 சிசி ஆயிற்று. எழுபதுகளில் டான் சோங் நிறுவனம் மலேசியாவில் விற்ற 120 ஒய்யில் இருப்பது இதுதான்.

வார்ப்பிரும்பு பிளாக், டைமிங் செயின், கம்ப்யூட்டர் கிடையாது. சிலிண்டர் தேய்ந்தால் அரை மில்லிமீட்டர் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்கலாம். 73 அப்போது 73.5 ஆகும், அடுத்த முறை 74. ஜப்பானில் கழித்த கார்களைப் பாதியாக வெட்டி இறக்கும் ‘ஹாஃப் கட்’ வியாபாரம் மலேசியாவில் உண்டு. எஞ்சினையே மாற்றிவிடலாம் என்று ஆசை காட்டும். என் கட்சி போர் போடுகிற கட்சிதான்.

எஞ்சின் மாற்றத்திலும் ஒரு வேடிக்கை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மோரிஸ் மைனரின் தளர்ந்த எஞ்சினைக் கழற்றி டட்சன் எஞ்சினை வைப்பது பிரபலம். ஆஸ்டினும் மோரிஸும் பரம வைரிகள். அவர்கள் ஒரே நிறுவனமாக இணைந்ததும் நிஸான் கையெழுத்திட்ட அதே 1952-ல்தான்.