ஆல்மனர்: மருத்துவமனையையும் ஊரையும் இணைத்த பணியின் வரலாறு

மருந்துச் சீட்டுக்கு அப்பால் நோயாளிக்குத் தேவைப்படும் உதவிகளைத் தேடித் தருவதற்கென்றே இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் அமர்த்தப்பட்ட அலுவலர் ஆல்மனர் எனப்பட்டார். பால், செயற்கைக் கால், ஓய்வில்லத்தில் இரண்டு வார இடம், தாய் படுத்துவிட்டால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என அந்த உதவி எதுவாகவும் இருக்கலாம். தருமம் வழங்குபவர் என்பது அச்சொல்லின் பழைய பொருள். முதல் மருத்துவமனை ஆல்மனர் 1895ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியேற்றார். மருத்துவ சமூகப் பணி என்ற துறையும், இன்று பிரிட்டனில் இணைப்புப் பணியாளர், பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பெயர்களில் இயங்கும் பதவிகளும் இந்த நியமனத்தின் வழிவந்தவை.

ஆனால் உதவி செய்வதற்காக மட்டும் அவர் நியமிக்கப்படவில்லை. இலவச மருத்துவத்துக்குத் தகுதியற்றவர்களைக் கண்டறிந்து திருப்பி அனுப்புவதே அவருக்கு முதலில் தரப்பட்ட வேலை. வாசலில் நிற்பவர் காவலரா, வழிகாட்டியா என்ற கேள்வி அன்று முதல் இப்பணியை விட்டு அகலவில்லை.

இலவச மருத்துவமனையும் அதன் சிக்கலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனின் பெரிய மருத்துவமனைகள் செல்வந்தர்களின் நன்கொடையில் நடந்தன. அங்கே இடம் பெற, நன்கொடையாளர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். வில்லியம் மார்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் ஹோல்பர்ன் பகுதியில் தேவாலயப் படிக்கட்டில் சாகும் நிலையில் கிடந்த இளம்பெண் ஒருத்தியைக் கண்டார். கடிதம் இல்லாததால் எந்த மருத்துவமனையிலும் அவளைச் சேர்க்க முடியவில்லை. கடிதமும் கட்டணமும் கேட்காத ஒரு மருத்துவமனையை அவர் 1828இல் தொடங்கினார். விக்டோரியா அரசி 1837இல் அதற்கு 'ராயல்' என்ற அடைமொழியை அளித்தார்.

கடிதம் வேண்டாம் என்றதும் கூட்டம் பெருகியது. புறநோயாளிகள் பிரிவில் மணிக்கணக்கில் காத்திருந்து, மருத்துவரைச் சில நிமிடங்கள் பார்த்து, ஒரு புட்டி மருந்துடன் வீடு திரும்புவது ஏழைகளின் வழக்கமாயிற்று. பணம் கட்டக்கூடியவர்களும் இந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று தனியார் மருத்துவர்கள் முறையிட்டனர்.

இந்த முறையீட்டைக் கையில் எடுத்தது 1869இல் நிறுவப்பட்ட அறக்கொடை ஒழுங்கமைப்புச் சங்கம். விசாரிக்காமல் தரும் தருமம் ஏழையின் தன்மானத்தைக் கெடுக்கும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. விண்ணப்பிப்பவரின் வீட்டுக்கே சென்று வருமானம், வாடகை, குடிப்பழக்கம், உறவினர் நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகே அது உதவி செய்தது. இக்கொள்கையில் இருந்த கடுமையை மறைக்க வேண்டியதில்லை. எனினும், ஒரு குடும்பத்தை முழுமையாக அறிந்து, அதன் விவரங்களைக் கோப்பாக எழுதி வைத்து, அதற்கேற்ற உதவியைத் தேடும் முறையை வளர்த்ததும் இதே சங்கம்தான். சங்கத்தின் செயலாளர் சார்லஸ் லாக், மருத்துவமனைகளிலும் இத்தகைய விசாரணை அலுவலர் வேண்டும் என்று 1890களின் தொடக்கத்தில் பிரபுக்கள் அவையின் தெரிவுக்குழு முன் வாதிட்டார்.

மேரி ஸ்டூவர்ட்

ராயல் ஃப்ரீயில் நியமிக்கப்பட்ட மேரி ஸ்டூவர்ட், சங்கத்தின் செயிண்ட் பாங்கரஸ் கிளையில் பணியாற்றிய அனுபவசாலி. முதல் மூன்று மாதங்களுக்கு அவருடைய சம்பளத்தைச் சங்கமே தந்தது. புறநோயாளிகள் பிரிவின் ஒரு மூலையில் அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

அவருக்கு மூன்று வேலைகள் இருந்தன. வசதியுள்ளவர்கள் இலவச மருத்துவம் பெறுவதைத் தடுக்க வேண்டும். முற்றிலும் வறியவர்களை ஏழையர் சட்ட அதிகாரிகளிடம் அனுப்ப வேண்டும். இடைப்பட்டவர்களை வாரந்தோறும் சிறு தொகை கட்டி மருத்துவம் பெறும் சந்தா மருந்தகங்களில் சேரச் செய்ய வேண்டும். மூன்றுமே ஆளை வெளியே அனுப்பும் வேலைகள் என்பது கவனிக்கத்தக்கது.

நடந்தது வேறு. ஏமாற்றி மருத்துவம் பெறுபவர்கள் எதிர்பார்த்த அளவில் அகப்படவில்லை. அவர் முன்னே வந்து அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் உண்மையான ஏழைகள். சத்துணவு உண்ணச் சொல்லப்பட்டவர் வீட்டில் உணவே இல்லை. ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டவர் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் வாடகை நின்றுவிடும். மருத்துவமனையின் செலவும் மருத்துவரின் உழைப்பும் இப்படி வீணாவது அந்த மேசையிலிருந்து பார்த்தபோதுதான் தெளிவாகத் தெரிந்தது. தேவாலயங்கள், தொண்டுச் சங்கங்கள், செவிலியர் அமைப்புகள் ஆகியவற்றுக்குக் கடிதம் எழுதுவது அவருடைய வேலையில் பெரும்பகுதியாயிற்று.

மூன்று மாதம் முடிந்தபோது இப்பதவி நீடிக்குமா என்பது உறுதியாக இல்லை. மருத்துவமனையின் மருத்துவர்கள் இருவர் அவர் சம்பளத்தில் பாதியைத் தாங்களே தர முன்வந்தனர். மறுபாதியைச் சங்கம் ஏற்றது. கூட்டத்தைக் குறைக்க வந்தவர் இல்லாமல் தங்கள் சிகிச்சை பலிக்காது என்று உணர்ந்தவர்கள் மருத்துவர்கள்தான்.

1905இல் லாம்பெத் பகுதியின் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் பொறுப்பேற்ற ஆன் கம்மின்ஸ் இப்பணியை மேலும் விரிவாக்கினார். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், காசநோயாளிகள் ஆகியோரை வீடு வரை தொடர்ந்து சென்று கவனிப்பது அங்கே முறையான வேலையாயிற்று. பயிற்சிக்கென 1907இல் மருத்துவமனை ஆல்மனர் மன்றம் அமைந்தது. ஆல்மனர்களில் ஏறக்குறைய அனைவரும் படித்த நடுத்தர வர்க்கப் பெண்கள். மருத்துவமனை நிர்வாகத்தில் பெண்களுக்குக் கிடைத்த மிகச் சில அதிகாரப் பதவிகளுள் இதுவும் ஒன்று.

பாஸ்டனில் ஒரு மேசை

அமெரிக்காவில் இதே பணி வேறு காரணத்துக்காகத் தோன்றியது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ரிச்சர்ட் கபோட்டைத் தொல்லைப்படுத்தியது கூட்டம் அல்ல. நிறைவேற்ற முடியாத தன் சொந்த அறிவுரைகள். நாள் முழுவதும் நின்று உழைப்பவரிடம் ஓய்வெடு என்பதில் பயனில்லை என்று கண்ட அவர், 1905 அக்டோபரில் கார்னெட் பெல்டன் என்ற செவிலியரைச் சமூகப் பணியாளராக அமர்த்தினார். பெல்டனுக்குக் கிடைத்ததும் புறநோயாளிகள் பிரிவின் நடைவழியில் ஒரு மூலைதான். காசநோயாளிகளிடையே பணியாற்றிய அவர் சில மாதங்களில் தாமே அந்நோய்க்கு ஆளாகி விலகினார். அவரைத் தொடர்ந்த ஐடா கேனன் நாற்பது ஆண்டுகள் அத்துறையை வளர்த்தார். 1919இல்தான் மருத்துவமனை அத்துறையின் செலவை முழுமையாக ஏற்றது.

பணம் கேட்கும் அம்மையார்

முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் கொடை மருத்துவமனைகள் நிதி நெருக்கடியில் சிக்கின. நோயாளிகளிடமிருந்தே இயன்ற தொகையைப் பெறும் வழக்கம் பரவியது. யார் எவ்வளவு கட்டலாம் என்று முடிவு செய்யும் வேலை ஆல்மனர் மேசைக்கு வந்தது. உதவி கேட்க வேண்டிய அதே ஆளிடம் சம்பளக் கணக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அக்கால நோயாளிகள் பலரின் நினைவில் ஆல்மனர் என்றால் பணம் கேட்கும் அம்மையார்தான்.

இந்தச் சுமை 1948 ஜூலை 5 அன்று இறங்கியது. தேசிய சுகாதார சேவை தொடங்கிய அந்நாளில் மருத்துவமனைக் கட்டணம் ஒழிந்தது. வருமான விசாரணைக்கு வேலையில்லாமல் போயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓரமாகச் செய்துவந்த வேலை இப்போதுதான் ஆல்மனர்களின் முழு வேலையாயிற்று. பெயரில் ஒட்டியிருந்த தரும வாடை மட்டும் எஞ்சியது. 1964இல் அவர்களுடைய அமைப்பு மருத்துவ சமூகப் பணியாளர் நிறுவனம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இந்தியாவுக்கு இப்பணி அந்தப் புதிய பெயரில்தான் வந்தது. பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 1946இல் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு வெளியான போர் குழு அறிக்கையும் மருத்துவமனைச் சமூகப் பணியாளர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய சமூகப் பணிக் கல்லூரி தென்னிந்தியாவில் இத்துறைக்கு ஆள்களை உருவாக்கியது.

மீண்டும் வாசற்காவல்

1974 ஏப்ரலில் இங்கிலாந்தின் மருத்துவமனைச் சமூகப் பணியாளர்கள் உள்ளாட்சிகளின் சமூக சேவைத் துறைகளுக்கு மாற்றப்பட்டனர். ஊர் உதவிகளுக்கு அவர்கள் நெருக்கமாயினர், மருத்துவருக்கு அந்நியராயினர். 1990ஆம் ஆண்டின் சமுதாயப் பராமரிப்புச் சட்டம், 1993 முதல், முதியோர் மற்றும் மாற்றுத்திறனாளிகளின் தேவையை மதிப்பிட்டு உதவிகளை ஏற்பாடு செய்யும் பராமரிப்பு மேலாளர்களைக் கொண்டுவந்தது. காகிதத்தில் அது ஒருங்கிணைப்பு. நடைமுறையில், வரையறுத்த நிதிக்குள் யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று பிரிக்கும் வேலை. சார்லஸ் லாக் அதை உடனே அடையாளம் கண்டிருப்பார்.

மாற்றுப் பாதை கிழக்கு லண்டனிலிருந்து வந்தது. ப்ரோம்லி பை போ என்ற ஏழ்மையான பகுதியில், வழிபட வருவோர் ஏறக்குறைய இல்லாமற்போன ஒரு தேவாலயத்துக்கு 1984இல் போதகராக வந்த ஆண்ட்ரூ மாசன், அக்கட்டடத்தைக் குழந்தைகள் காப்பகம், கலைக்கூடம், உணவகம் என்று மக்களுக்குத் திறந்துவிட்டார். அப்பகுதியில் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் புற்றுநோயில் இறந்தார். அவருக்கு உதவ வேண்டிய அலுவலகங்கள் பல இருந்தும் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. கடைசி நாள்களில் அவரைக் கவனித்தவர்கள் அக்கம்பக்கத்தாரே. தேவாலயப் படிக்கட்டில் மார்ஸ்டன் கண்ட பெண்ணுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. இவருக்குக் கதவுகள் பல இருந்தன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அழைத்துச் செல்ல ஆள் இல்லை. அந்த மரணத்துக்குப் பிறகு எழுந்த முயற்சியில் 1997இல் அங்கே மருத்துவ நிலையமும் சேர்ந்தது. மருத்துவர் தம் நோயாளியைக் கடன் ஆலோசனைக்கோ, தோட்ட வேலைக்கோ, ஆங்கில வகுப்புக்கோ அதே வளாகத்தில் அனுப்ப முடிந்தது.

இம்முறை சமூகப் பரிந்துரை எனப் பெயர்பெற்றது. தேசிய சுகாதார சேவையின் 2019 ஜனவரி நீண்டகாலத் திட்டம், 2020–21 முடிவதற்குள் 1,000க்கும் மேற்பட்ட இணைப்புப் பணியாளர்களை அமர்த்தவும், 2023–24க்குள் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அவர்களிடம் அனுப்பவும் இலக்கு வைத்தது. 2020 முதல் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர்களும் குடும்ப மருத்துவர் குழுக்களில் சேர்க்கப்பட்டனர். இணைப்புப் பணியாளர் நோயாளியுடன் நேரமெடுத்துப் பேசி உதவிக்கு வழிகாட்டுகிறார். ஒருங்கிணைப்பாளர் பல நோய் உள்ளவரின் மருத்துவச் சந்திப்புகள், மருந்துகள், வீட்டு உதவி ஆகியவை ஒரே திட்டத்தில் அமையப் பார்த்துக்கொள்கிறார். இவர்களிடம் வருமான விசாரணை இல்லை.

ஆனால் இவர்கள் அனுப்பிவைக்க வேண்டிய இடங்களின் நிலை வேறு. 2010க்குப் பின் வந்த சிக்கன நடவடிக்கைகளில் இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் நூலகங்களையும் இளைஞர் மன்றங்களையும் முதியோர் பகல் நிலையங்களையும் மூடிக்கொண்டிருந்தன. சமூகப் பரிந்துரை பற்றிய 15 மதிப்பீடுகளை 2017இல் பரிசீலித்த யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அது பயன் தருகிறதா, செலவுக்குத் தகுந்ததா என்று முடிவு செய்யப் போதிய சான்று இல்லை என்றனர். ஆய்வுகள் பலவும் சிறியவை. ஒப்பிடுவதற்கான எதிர்க்குழு பெரும்பாலானவற்றில் இல்லை. அந்த ஆய்வுரை வெளியான இரண்டே ஆண்டுகளில் திட்டம் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.